கூட வந்த பாயம்மா

என்னைத் தேடி வசூல்காரர்கள் இரண்டு பேர் ரிசார்ட் வாசலுக்கு வந்த அன்று, நான் துணி அறையில் படுக்கை விரிப்புகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முப்பது வயது ஆள். வரவேற்பு மேஜையில் நின்று விருந்தினர்களுக்குச் சிரித்த முகத்தோடு சாவி கொடுப்பவன், வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக, முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் கிடந்தேன். செக்யூரிட்டி போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "சார், போவமாட்டேன்றாங்க சார். கெஸ்ட் வண்டி வர்ற நேரம்."

அலமாரிக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. பாயம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, இங்க வந்து குந்திகினுகீற?"

சொன்னேன். எவ்வளவு, எதற்கு வாங்கினேன், ஏன் கட்டவில்லை என்று எதையும் அவர் கேட்கவில்லை.

"எங்க நிக்கிறாங்க, கேட்டாண்டயா?"

"ஆமா."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மெஷின்மேல் வைத்தார். "எய்ந்து வா. நானும் வரேன்."

வாசல்வரை அவர் எனக்கு முன்னாலும் நடக்கவில்லை, பின்னாலும் நடக்கவில்லை. தோளுக்குத் தோள் வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது, முக்காட்டில் சாக்குக்கட்டித் தூள். அந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்ததும் ஒருமையில் ஆரம்பித்தார்கள். பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா கைகட்டி நின்று தங்களையே பார்ப்பதைக் கண்டதும் குரல் இறங்கி, பன்மைக்கு வந்தது. போனில் ஒரு மாதமாகச் சொல்ல முடியாததை அன்று நான் சொன்னேன். சம்பளம் வரும் தேதி, அதில் எவ்வளவு தர முடியும், இனிமேல் இங்கே வரக்கூடாது, அலுவலகத்துக்கு நானே வருகிறேன் என்பது எல்லாம். அவர்கள் போன பிறகு நன்றி சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? நான் ஒண்ணுமே பேசலையே. நீதான பேசின" என்றார். உள்ளே போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருக்குப் பெயர் இருந்தது. மேனேஜர் முதல் தோட்டக்காரர்வரை ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் பாயம்மாதான். ஊர் கோவளம். நாங்கள் வேலை பார்த்த ரிசார்ட் திருவிடந்தையில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவே சவுக்குத் தோப்பை ஒட்டி இருந்தது. கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மாலையோடு கோயிலைச் சுற்றுகிற பையன்களும் பெண்களும் சாலைக்கு அந்தப் பக்கம். கூடிவந்த கல்யாணத்தைக் கடலைப் பார்த்து நடத்துகிற பணக்காரர்கள் இந்தப் பக்கம். அந்தக் கல்யாணங்களின் மேஜை விரிப்பு, நாற்காலித் துணி, திரைச்சீலை எல்லாம் பாயம்மாவின் பொறுப்பு.

அவருடைய கைப்பையில் எல்லாம் இரண்டிரண்டாக இருக்கும். இரண்டு குடை, இரண்டு தண்ணீர் பாட்டில், இரண்டு பிஸ்கட் பொட்டலம். "யாராவது கூப்டுவாங்க. வெயில்ல அவங்க நனைஞ்சிகினு நான் மட்டும் குடை புடிக்கவா?" என்பார். வெயிலில் யாரும் நனைய மாட்டார்கள் என்று சொன்னால், வியர்வையைச் சொன்னேன் என்பார். யாரோ ஒருவர் எங்கோ போகப் பயந்துகொண்டே இருப்பார். சமையலறைப் பெண் ஸ்கேன் எடுக்க, தோட்டக்காரர் மகனின் பள்ளி முதல்வரைப் பார்க்க, ஒரு பையன் காதலித்த பெண்ணின் அப்பாவிடம் பேச. பாயம்மாவுக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. யாருக்கும் சிபாரிசு பண்ணுகிற செல்வாக்கும் கிடையாது. கூட வருவார், அவ்வளவுதான்.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ஊழியர்கள் எல்லோரையும் கூட்டி மேனேஜர் ஒரு செய்தி சொன்னார். அடுத்த வருஷம் கோடைக் கல்யாணங்கள் முடிந்ததும் ரிசார்ட்டை மூடி, இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். திரும்பத் திறக்கும்போது யாருக்கு வேலை என்பது அப்போது தெரியும்.

கூட்டம் கலைந்த பிறகு துணி அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், பாயம்மா, விருந்தினர்களை விமான நிலையத்திலிருந்து கூட்டி வரும் டிரைவர் டில்லி, அறைகளைச் சுத்தம் செய்யும் செல்வி. டில்லிதான் வாயைத் திறந்தான்.

"சம்பளம் இருக்கசொல்லோவே ட்யூ கட்ட முடியல. மூடிட்டான்னா நான் காலி பாயம்மா."

அவன் சொந்தமாக ஒரு கார் வாங்கியிருந்தான். வாடகைக்கு விடலாம் என்று வங்கிக் கடனில் வாங்கியது. ஓட்ட வைத்த ஆட்கள் ஏமாற்றிவிட்டுப் போய்விட, கார் வீட்டு வாசலில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. செல்விக்குக் குழுக் கடன். கேளம்பாக்கத்தில் ஒரு குழுவில் வாங்கியதை அடைக்க இன்னொரு குழு, அதை அடைக்க மற்றொன்று. நான் கடலோரச் சாலையில் சிநேகிதனோடு ஜூஸ் கடை போட்டவன். மழையில் கடை மூடிவிட்டது. சிநேகிதன் ஊருக்குப் போய்விட்டான். கடன் என் பேரில் இருந்தது.

ஒருவர் பின் ஒருவராகச் சொன்னோம். சொல்லும்போது ஏனோ எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

"உனக்கு இன்னா பாயம்மா, நீ தப்பிச்ச" என்றான் டில்லி.

"எனக்கும் கீது. எங்க ஊட்டுக்காரருக்கு ஹார்ட் ஆபரேசன் பண்ணப்ப எங்க அண்ணன் குடுத்தது. செங்கல்பட்டுல பெரிய கடை வெச்சிகீறாரு."

"அண்ணனா? அப்ப ஜாலிதான். போன் வராது, ஆளு வராது."

"வராது. அதான் பேஜாரு" என்றார் பாயம்மா. "பேங்குக்காரன் வந்தா சண்ட போடலாம். பெருநாளுக்குப் போனா எங்க அண்ணன் எனக்குன்னு தனியா கறி எடுத்து வெப்பாரு. 'சாப்புடு, சாப்புடு'ன்னுவாரு. தொண்டைல எறங்காது."

அவரே தொடர்ந்து சொன்னார். "மூடற அன்னிக்கு நம்ம நாலு பேர் மேலயும் ஒரு பைசா கடன் இருக்கக்கூடாது. வேல போவுதா, போவட்டும். கடனோட போவக்கூடாது. இன்னா சொல்றீங்க?"

அப்படித்தான் ஆரம்பித்தது. புதன்கிழமைகளில், மதிய வேலை முடிந்ததும் துணி அறையில் கூடுவோம். அந்த வாரம் எவ்வளவு அடைத்தோம் என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் பாயம்மா விடமாட்டார். "கேக்கல. துணிக்குள்ள பேசாத." முதல் மாதம் கூசியது. பிறகு பழகிவிட்டது. ஒருநாள் செல்வி, "முத குழு முடிஞ்சிடுச்சு!" என்று கத்தியதில் பக்கத்து அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் பயந்து ஓடி வந்தார்.

அவரவர் கையில் இருந்ததைக் கொடுத்தோம். டில்லி வேலைக்கு வரும் வழியில் ரிசார்ட் வண்டியில் எங்களை ஏற்றிக்கொள்வான். செல்வி நான்கு பேருக்கும் சேர்த்துச் சமைத்துக் கட்டி வருவாள். நான் வங்கிகளுக்குப் போன் போட்டு, எதை முன்னால் அடைத்தால் வட்டி குறையும் என்று கேட்டுச் சொல்வேன். செல்வியின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை பாயம்மா தைத்தார். போதாதென்று கோவளத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்து, அந்தக் காசை அண்ணனுக்கென்று தனியாகச் சேர்த்தார்.

காசு மட்டும் எங்களுக்குள் கைமாறக் கூடாது. அது அவர் வைத்த சட்டம். அதன் அர்த்தம் எனக்கு முதலில் புரியவில்லை. செல்விக்கு வாரத் தவணை கட்டும் நாள். பெயின்ட் அடிக்கிற அவள் கணவனுக்குக் கூலி வரவில்லை. என் சட்டைப் பையில் சம்பளம் இருந்தது. எடுத்து அவள் கையில் வைத்தேன். பாயம்மா அதை அவள் கையிலிருந்து எடுத்து என் பையிலேயே திரும்பச் செருகினார்.

செல்விக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க ஒருத்தி கட்டலன்னா எல்லாரையும் குந்த வெச்சிடுவாங்க பாயம்மா. அத்தினி பொம்பளைங்களும் என்னத் திட்டுவாளுங்க. அதுக்கு ஒதவலன்னா அப்புறம் இன்னாத்துக்கு இந்தக் கூட்டம்?"

"இரு, நானும் வரேன்."

அன்று பாதி நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு கேளம்பாக்கம் போனார். குழுத் தலைவியின் வீட்டுக் கூடத்தில், திட்டிக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் நடுவே செல்வியை ஒட்டி உட்கார்ந்து, மடியில் ஒரு மேஜை விரிப்பைப் போட்டு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாராம். ஒருத்தி, "நீ யாரும்மா? உனக்கு இன்னா வேல இங்க?" என்று கேட்டிருக்கிறாள். "இவ கூட வந்தேன்" என்றாராம். சாயங்காலம் செல்வியின் கணவனுக்குச் செய்தி போய், தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு அம்மா தன் மனைவிக்காகத் தரையில் உட்கார்ந்திருப்பதைக் கேட்டு, மேஸ்திரியிடம் சண்டை போட்டுக் கூலியை வாங்கி வந்து கட்டினான். அதற்கு முன் ஒரு தவணையையும் அவன் நேரில் வந்து கட்டியதில்லை.

மறுநாள் பாயம்மா என்னைப் பார்த்து, "நீ குடுத்திருந்தா இவ இன்னிக்கு உன்னப் பாத்து மூஞ்சத் திருப்பிக்குவா. அப்புறம் நாலு பேர் ரெண்டு பேராவோம்" என்றார். அதற்குமேல் விளக்கவில்லை.

என் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கும் அவர் வந்தார். திருப்போரூரில் மண்டபம். எங்கள் பக்கம் மொய் எழுதுவதை மைக்கில் படிப்பார்கள். நான் வைக்கப் போகிற தொகையை நினைத்தால் போகவே வேண்டாம் போலிருந்தது. கடன் வாங்கி நிறைய வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். "சாப்பாடு போடுவாங்க இல்ல? நானும் வரேன்" என்று பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். மொய் மேஜையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா நான் கொடுத்த நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானாடா?" என்றார்.

"இவ்ளோதாங்க" என்றார் பாயம்மா. "வத்தக்கொழம்பு வாசன ரொம்ப நல்லாகீதுங்க."

பெரியப்பா பேனாவை எடுத்து எழுதினார். மைக்கில் என் பெயரையும் தொகையையும் படித்தார்கள். பந்தியில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயம்மா மட்டும் இன்னொரு அப்பளம் கேட்டார்.

டில்லி விஷயத்தில்தான் அவரிடம் கொஞ்சம் பயம் வந்தது எனக்கு. கடனை அடைக்க அவனுக்கு ஒரே வழி காரை விற்பது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை அவனே வெடித்தான்.

"கார வித்துட்டா நான் யாரு பாயம்மா? வெறும் டிரைவரு. எங்க தெருவுல சொந்தக் கார் வாங்கின மொத ஆளு நான்."

"இப்பவும் அது உன் காரு இல்ல கண்ணு. பேங்க் காரு. நீ உன் வூட்டு வாசல்ல அதுக்கு வாட்ச்மேன் வேல பாக்குற."

டில்லி எழுந்து போய்விட்டான். மூன்று புதன்கிழமைகள் வரவில்லை. வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டான், ஆனால் பாயம்மாவோடு பேசவில்லை. இப்படிச் சொல்லியிருக்க வேண்டாமே என்று நான் அவரிடம் சொன்னேன். "உண்மதான சொன்னேன்" என்றார். கொஞ்சங்கூட இளகவில்லை. ஆனால் கூடும்போது அவன் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

நான்காவது வாரம் டில்லி வந்து நிலைப்படியில் நின்றான். "ஊரப்பாக்கத்துல ஒரு பார்ட்டி காரு கேக்குறான்."

"என்னிக்குப் பாக்க வரான்?" என்று கேட்டுக்கொண்டே பாயம்மா கைப்பையைத் திறந்து உள்ளே இருப்பதைச் சரிபார்த்தார். எதற்கு என்று டில்லி கேட்கவில்லை.

கோடைக் கல்யாணங்கள் வரிசையாக நடந்தன. செல்வியின் கடைசிக் குழுவும் முடிந்தது. என் ஜூஸ் கடைக் கடனை ஒரு வெள்ளிக்கிழமை அடைத்துவிட்டு, அந்த அலுவலகத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாயம்மா பிஸ்கட் கொடுத்தார். டில்லி காருக்கு விலை பேசி முடித்து, ஒப்படைக்கும் நாளும் குறித்துவிட்டான்.

ரிசார்ட் மூட இரண்டு வாரம் இருக்கும்போது, "பாயம்மா, உங்களுது?" என்று நான் கேட்டேன். அவர் சேர்த்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியும். பங்குனி மாதமே சேர்த்துவிட்டார்.

"குடுக்கப் போனேன். மூணு தபா போனேன். வாங்கமாட்டேன்றாரு" என்றார், முதல்முறையாகத் துணிக்குள் பேசுகிற குரலில். "'உன்கிட்ட நான் காசு வாங்குவேனா'ன்றாரு. கைய புடிச்சி மடக்கி உடறாரு."

"அப்ப உட்ருங்க பாயம்மா. நல்ல மனுசன்" என்றேன்.

"எங்க வாப்பா வூட்ட அவரு வித்தாரு. என் பங்கு இன்னான்னு நான் ஒரு வார்த்த கேக்கல. எப்பிடிக் கேப்பேன்? வாயத் தொறந்தா அந்த ஆபரேசன் வந்து நிக்குது." மெஷின்மேல் இருந்த நூல்கண்டை உருட்டினார். "பங்குக்காக இல்ல. அவரு எதிர்ல எனக்கு நிமிந்து குந்தணும். அவ்ளோதான்."

செல்வி சொன்னாள்: "நாங்களும் வரோம்."

"வேணாம். அது எங்க குடும்ப விசயம்."

"ஓஹோ. என் வூட்டுக் கடன் மட்டும் ஊர் விசயமா? கேளம்பாக்கத்துல வந்து குந்தினீங்களே, நான் கூப்ட்டனா?"

பாயம்மா நூல்கண்டை மறுபடி உருட்டினார். அவரை யாரும் அப்படி மடக்கிப் பார்த்ததில்லை. எல்லோருக்கும் கூட வந்தவருக்கு, தன்கூட ஆட்கள் வருவது பிடிக்கவில்லை. வெட்கம் எங்களுக்கு மட்டும்தான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

"என் காரு இந்த வாரம் போவுது. கடைசி சவாரி செங்கல்பட்டு" என்றான் டில்லி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். திருப்போரூர் தாண்டி மலைக்காட்டு வழியாகச் சாலை போகும். பாயம்மா முன் இருக்கையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, வாயே திறக்காமல் வந்தார். செங்கல்பட்டில் மார்க்கெட்டை ஒட்டிய தெரு. கீழே பெட்டிகளும் பைகளும் தொங்குகிற பெரிய கடை, மேலே வீடு.

அண்ணன் வெள்ளைத் தாடியும் வெள்ளைச் சட்டையுமாக, பார்த்தால் கைகூப்பத் தோன்றுகிற மனிதர். எங்களை வாய் நிறைய வரவேற்றார். டீ, சமோசா, வெள்ளரிக்காய் எல்லாம் வந்தன. அவர் மனைவி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளறை வாசலில் நின்றுகொண்டார். நாங்கள் யார் என்று தெரிந்ததும் அண்ணன் சிரித்தார்.

"இதுக்காம்மா செட்டு சேத்துகினு வந்துகீற? நமக்குள்ள இன்னாம்மா கணக்கு? போ, புள்ளைங்களுக்கு வெச்சுக்க."

பாயம்மா பணக்கட்டை மேஜைமேல் வைத்தார். "எடுத்துக்கண்ணா."

"தங்கச்சிகிட்ட காசு வாங்கினான்னு நாளைக்கு ஜமாத்துல பேசுவாங்க. என் மானம் போவும். எடுத்து உள்ள வை."

"அண்ணா, நான் மவுத்தாப் போனா, தொழ வெக்கறதுக்கு முன்னாடி கேப்பாங்க இல்ல, 'இவங்க யாருக்காவது கடன் பட்டிருக்காங்களா'ன்னு? நீ அங்க நிப்ப. அப்ப இன்னா சொல்லுவ?"

அண்ணனின் சிரிப்பு குறைந்தது. "இன்னா பேச்சு பேசற? மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன்."

"மன்னிக்க நான் இன்னா தப்பு பண்ணேன்? கடன் வாங்கினேன். திருப்பித் தரேன். மன்னிப்பு வேணாம் எனக்கு. எண்ணி வாங்கிக்க."

அவர் கையை நீட்டவில்லை. பணக்கட்டைத் தங்கை பக்கம் தள்ளினார். பாயம்மா இந்தப் பக்கம் தள்ளினார். நாங்கள் மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பேச வேண்டும் போலத்தான் இருந்தது. டில்லி என் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணன் எங்களைப் பார்த்தார். நாங்கள் எழுந்து போகிறவர்களாக அவருக்குத் தெரியவில்லை.

அப்போது உள்ளறை வாசலில் நின்ற அவர் மனைவி நடந்து வந்தார். மேஜை அருகில் நின்று பாயம்மாவிடம் கையை நீட்டினார்.

"குடும்மா. நான் வாங்கிக்கறேன்."

"நீ உள்ள போ" என்றார் அண்ணன்.

"போறேன். வாங்கிகினு போறேன்." குரல் தணிந்துதான் இருந்தது. "ஆபரேசனுக்கு நீங்க குடுத்தது என் வளையலு. ரெண்டு வளையலு. எங்கம்மா போட்டு அனுப்பினது. 'அப்புறம் வாங்கித் தரேன்'னு சொல்லிட்டு வாங்கினு போனீங்க. ஊரெல்லாம் தங்கச்சிக்கு நீங்க செஞ்சதப் பேசுச்சு. நானும் கேட்டுகினு இருந்தேன்."

நீட்டிய கையில் கண்ணாடி வளையல்கள் இருந்தன.

பாயம்மாவுக்கு இது தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. எழுந்து நின்று, பணக்கட்டை இரண்டு கையாலும் எடுத்து அண்ணி கையில் வைத்தார். அண்ணி அங்கேயே நின்று எண்ணினார். சரியாக இருக்கிறது என்றார். உள்ளே போனார். பீரோ கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. அண்ணன் டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போய்ட்டு வரேண்ணா" என்றார் பாயம்மா. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ரிசார்ட் மூடிய அன்று எங்கள் நான்கு பேர் மேலும் கடன் இல்லை. டில்லி காரை ஒப்படைத்து, வங்கியில் முடித்துக் கொடுத்த காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தான். எனக்குச் சிறுசேரியில் ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிற வேலை கிடைத்தது. நான் சொல்லி டில்லியும் அங்கே டிரைவராக வந்தான். செல்வி பக்கத்து ரிசார்ட் ஒன்றில் சேர்ந்தாள். பாயம்மா கோவளத்து வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைத்தார்.

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டுக்கு வரச் சொன்னார். போனோம். மீன் வறுத்திருந்தார். சாப்பிட்ட பிறகு சொன்னார்.

"அண்ணி கூப்ட்டாங்க. நகைக்கடைக்குப் போவணும், தனியா போனதில்ல, வரியான்னாங்க. போனேன். நான் குடுத்த துட்டு மொத்தத்தையும் எடுத்து வெச்சாங்க." நிறுத்தினார். "ஒரு வளையல்தான் வந்துது. அதுவும் மெல்லிசு."

"தங்கம் ஏறிப்போச்சு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ?" என்றான் டில்லி. "வாங்கின துட்ட குடுத்துட்ட. முடிஞ்சிச்சு."

"அண்ணனுது முடிஞ்சிச்சு."

"உங்க அண்ணி கேட்டாங்களா?" என்றேன்.

"கேக்கல. அவங்க அப்பவும் கேக்கல."

உள்ளே அவர் கணவர் இருமினார். செல்விதான் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "எப்போக்குள்ள பாயம்மா?"

"அடுத்த பக்ரீத்."

"சரி. எனக்கும் அந்தத் தேதியே வெச்சுக்கங்க. பொண்ண காலேஜுல சேக்கணும். கடன் வாங்காம சேக்கணும்."

"எனக்கும்" என்றான் டில்லி. அவன் எதற்கு என்று சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. நான் அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தேன். கடன் இல்லாமல் கல்யாணம் என்று சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் சேர்த்துக்கொண்டார்கள். புதன்கிழமை இரவுகளில் இப்போது போனில் பேசினோம். அங்கேயும் அவர், "கேக்கல, சத்தமா" என்றார்.

பக்ரீத்துக்கு முந்தைய வாரம் பாயம்மாவும் அண்ணியும் செங்கல்பட்டு நகைக்கடைக்குள் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் எதிர்ப்பக்கம் நிழலில் நின்றோம். வெகு நேரம் ஆயிற்று. அண்ணி வெளியே வந்து படியில் நின்று, யாரும் கேட்காமலே, புடவைத் தலைப்பிலிருந்து வலது கையை எடுத்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். இரைச்சலான அந்தத் தெருவில் இரண்டு வளையல்கள் இடித்துக்கொண்ட சத்தம் எங்களுக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. பாயம்மாவுக்குக் கேட்டிருக்கும். அவர் பக்கத்தில்தான் நின்றார்.

பாயம்மா எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"வாங்க, பசிக்குது. அண்ணி பிரியாணி வாங்கித் தராங்களாம்."